எண்ணெயைக் கண்ணால் அளக்கலாமா?

"நாளுக்கு 1,200 கலோரியைத் தாண்டுவதே இல்லை, எடை மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது." கலோரி கணக்குப் பார்ப்பவர்களில் பலர் சொல்லும் குறை இது. இப்படிச் சொன்ன பத்துப் பேரை நியூயார்க்கில் சோதித்து, முடிவை 1992-இல் வெளியிட்டார்கள். அவர்கள் உடல் ஆற்றலைச் செலவிடுவதில் கோளாறு எதுவும் இல்லை. எழுதிக் கொடுத்த கணக்கில்தான் சாப்பிட்டதில் ஏறத்தாழப் பாதி விடுபட்டிருந்தது. பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. குத்துமதிப்பு அப்படித்தான் காலை வாரும்.

அது அதிகம் வாருவது எண்ணெயில். தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 15 மில்லி; சுமார் 120 கலோரி. தாளிக்கும்போது பாட்டிலைச் சற்றுக் கூடுதலாகச் சரித்தால் இன்னொரு 120 சத்தமில்லாமல் வாணலியில் இறங்கிவிடும். அதே 120 கலோரிக்கு வெள்ளரிக்காய் என்றால் முக்கால் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். ஆகவே வெள்ளரிக்காயை நிறுப்பது வீண்வேலை. எண்ணெய், தேங்காய், வேர்க்கடலை, அரிசி இவற்றை நிறுத்தால் போதும். அரிசியில் வேறொரு சிக்கல். 100 கிராம் அரிசியில் 350 கலோரி, 100 கிராம் சோற்றில் 130 கலோரி வரை. சோற்றை நிறுத்துவிட்டு அரிசியின் கணக்கைப் போட்டால் விடை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். குழையவிட்டால் ஓர் எடை, உதிரியாக வடித்தால் ஓர் எடை என்பதால் அரிசியாக இருக்கும்போதே நிறுப்பது நல்லது. 300 கிராம் அரிசி 840 கிராம் சோறானால், தட்டில் விழும் 210 கிராம் கால் பங்கு. மொத்தம் 1,050 கலோரி. உங்கள் பங்கு 260 சொச்சம்.

"அட்டவணையே துல்லியமில்லை, பாக்கெட்டில் அச்சிட்டதும் முன்பின்னாக இருக்கும், கிராம் கணக்கு எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அட்டவணையின் பிழை ஒரே உணவுக்குத் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். கையின் பிழையோ பசிக்கேற்ப மாறும். எடை குறையாவிட்டால் தினமும் ஒரு கரண்டி குறைத்துப் பார்க்கலாம். கரண்டியே நாளுக்கொரு அளவாக இருந்தால் எதைக் குறைப்பது?

நாலு பேருக்குச் சேர்த்துச் சமைக்கும் வீட்டில் ஆளுக்காள் நிறுக்க முடியாது, உண்மை. அங்கே மாதக் கணக்கு போதும். நால்வருக்கு மாதம் மூன்று லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 மில்லி. எண்ணெயிலிருந்து மட்டுமே 200 கலோரி. எண்களைப் பார்த்துச் சோற்றைக் கண்டே பயப்படத் தொடங்குகிறவர்களுக்குத் தராசு ஆகாது. அவர்கள் மருத்துவரிடம் பேசட்டும். மற்றவர்கள் தராசு வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள்: அடுத்த எண்ணெய் பாக்கெட்டைப் பிரிக்கும் தேதியை அதன்மேலேயே எழுதி வையுங்கள்.