முதலில் கற்க வேண்டிய சொல்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எமது தங்கைமார் ஜப்பானிய மொழி கற்கத் தொடங்கியிருக்கிறார்கள். திறன்சார் தொழிலாளர் தொடர்பாக 2019இல் இலங்கையும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்பாடு, முதியோர் பராமரிப்பு வேலைக்கும் வழி திறந்தது. அதற்கு அடிப்படை மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். கற்கும் பிள்ளைகளுக்கு, வைத்தியத் தொழிலில் இருக்கும் நாங்கள் சொல்ல விரும்புவது சில உண்டு.

முதலாவது, பயப்பட வேண்டாம். சொற்கள்தாம் புதியவை; அவை நிற்கும் ஒழுங்கு எமக்குப் பழகியது. ‘ஒச்ச ஒ நொமிமஸ்’ என்றால் ‘தேநீரைக் குடிக்கிறேன்’. ‘ஒச்ச’ தேநீர், நடுவில் வரும் ‘ஒ’ எமது ‘ஐ’ வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது, வினை கடைசியில் வருகிறது. இறுதியில் ‘க’ சேர்த்தால் கேள்வி, நாம் ‘ஆ’ சேர்ப்பதுபோல. சுட்டெழுத்துகள் அ, இ, உ என்று தமிழ்ப் பாடத்தில் படித்தோமே, ஜப்பானியரும் அப்படியே மூன்றாகப் பிரிக்கிறார்கள்: கொரெ, சொரெ, அரெ என்பவை இது, உது, அது. ‘தபெத்தெ மிமஸ்’ என்றால் ‘சாப்பிட்டுப் பார்க்கிறேன்’. அங்கும் அது ‘பார்’ என்ற வினைதான்!

இரு மொழிகளும் உறவுடையவை என்றார் பேராசிரியர் சுசுமு ஓனோ. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் சேர்ந்து ஆய்வு செய்தார்கள். மொழியியலாளர் பெரும்பாலோர் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், இந்த ஒற்றுமைகள் படிக்கும் பிள்ளைக்குக் கைகொடுக்கும்.

இரண்டாவது, ஜப்பானியச் சொற்களைத் தமிழில் எழுதி மனனம் செய்யாதீர்கள். நாங்கள் இங்கே அப்படிச் சொல்வது மேடைக்காக மட்டுமே. ‘தெங்கி’ என்று கொப்பியில் எழுதினால் அது காலநிலையா, மின்சாரமா? அவர்களுக்கு அவை வெவ்வேறு ஒலிகள். எமக்கோ இரண்டுக்கும் ஒரே ‘த’. ஹிரகானா எழுத்துகள் 46தான். 247 எழுத்துகளைச் சிறுவயதிலேயே படித்த எமக்கு அது ஒரு பாரமா? குறில் நெடிலில் எமது காது ஏற்கெனவே பழகியது. ‘ஒபஸன்’ அத்தை, ‘ஒபாஸன்’ பாட்டி. முதியோர் இல்லத்தில் வேலை செய்பவருக்கு இந்த ஒரு மாத்திரை முக்கியம்.

மூன்றாவதுதான் எமக்கு மிக முக்கியமானது. வலியைச் சொல்ல ஜப்பானியருக்கு இரட்டைச் சொற்கள் உண்டு. ‘ஸுகிஸுகி’ என்றால் விண்விண்ணென்று தெறிக்கிறது. ‘சிக்குசிக்கு’ என்றால் சுருக்சுருக்கென்று குத்துகிறது. இரட்டைக்கிளவியோடு வளர்ந்த எமது பிள்ளைகளுக்கு இது எளிதில் பிடிபடும். படுக்கையிலிருக்கும் முதியவர் இந்தச் சொல்லைத்தான் முனகுவார். அதைத் தாதியிடம் சரியாகச் சொல்வது பாதி வைத்தியம்.

அதே சொற்கள் அவர்களுக்கும் வேண்டும். ஆளைத் தூக்கி, திருப்பிப் படுக்கவைக்கும் வேலையில் இடுப்பு வலி வரும். கூடை சுமந்த எமது தாய்மாருக்கும் அது வந்தது. பலர் சொல்லாமலே காலத்தைக் கடத்தினார்கள். ‘கொஷி க இத்தாய் தெஸ்’, அதாவது ‘இடுப்பு வலிக்கிறது’. இதைப் பிள்ளை விமானம் ஏறும் முன்பே தயங்காமல் சொல்லப் பழக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முந்திய சொல் ‘வக்கரிமஸென்’. விளங்கவில்லை. வகுப்பில் ‘ஹாய்’ என்ற ‘ஆம்’ சீக்கிரம் வாயில் ஏறிவிடும். தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக ‘சரிங்க’ என்று சொல்லியே பழகிய சமூகம் நாம். விளங்காமல் சொன்ன ஒரு ‘ஹாய்’ ஒரு முதியவருக்குத் தவறான மாத்திரையாக முடியலாம். விளங்கவில்லை என்பது மரியாதைக் குறைவல்ல. நோயாளிக்கு அதுவே பாதுகாப்பு. எமது வாட்டுகளில் பயிற்சிக்கு வரும் இளம் வைத்தியர்களுக்கும் இதையே சொல்கிறோம்.

ஆகவே எமது சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். உடலுறுப்பு, வலி, மருந்து, உணவு, மறுப்பு ஆகியவற்றுக்கு ஒரு நூற்றைம்பது சொற்கள். ஹிரகானாவில் சொல், பக்கத்தில் தமிழில் பொருள். இப்படி ஒரு சிறு கைநூலை இந்த நூற்றாண்டு ஆண்டிலேயே நாம் அச்சிடலாம். வெளிநாடுகளில் வாழும் சகோதரிகளே, அந்நிய மொழியில் முதல் மாதம் எந்தச் சொல் இல்லாமல் தவித்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். பரீட்சைக்கான சொற்களை வகுப்பு கற்பிக்கும். இந்தச் சொற்களை அக்காமார்தான் கொடுக்க வேண்டும்.