வழி கூறுதலும் கள்ளாமையே

(தொண்டாமுத்தூரில் நிகழ்ந்த மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)

அருகன் திருவடி போற்றி. 

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் கள்ளாமையும் ஒன்று. பிறர் பொருளை அவர் கொடாமல் கொள்ளாதிருத்தலே அது. பொன்னும் நெல்லும் மட்டுமா பொருள்? ஒருவர் இயற்றிய பாடலும் தீட்டிய ஓவியமும் அவர் பொருளே.

பிறரிடமிருந்து பெறுதல் குற்றமன்று. நம் பவணந்தி முனிவர் முதனூல், வழிநூல், சார்புநூல் என நூலை மூன்றாக வகுத்தார். தாமே தொல்காப்பிய நூற்பாக்கள் சிலவற்றை நன்னூலில் அவ்வாறே எடுத்தாண்டார்; முன்னோர் சொல்லைப் போற்றியே அங்ஙனம் கொள்வதாகக் காரணமும் கூறினார். சிறப்புப் பாயிரம் உரைக்கவேண்டிய எட்டுச் செய்திகளுள் ஆசிரியர் பெயரை அடுத்து நிற்பது 'வழி'. இந்நூல் எதன்வழி வந்தது என்பதை முகப்பிலேயே கூறவேண்டும் என்பது நம் மரபு.

கொங்கு மண்ணின் காப்பியமான பெருங்கதையைப் பாருங்கள். குணாட்டியரின் பிருகத்கதையே அதன் மூல ஊற்று. கொங்குவேளிர் அதைத் தமிழ்க் காப்பியமாக்கினார். 1924இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தபோதே அதன் முதலும் இறுதியும் கிடைக்கவில்லை. ஆயினும் 'பெருங்கதை' என்னும் பெயரே மூலநூற்பெயரின் தமிழாக்கமாக நின்று வழியை உரைக்கின்றது.

இத்தனையும் வகுப்பில் கற்பித்த நானே ஒருமுறை தவறினேன். பல்லாண்டுகளுக்கு முன், ஓர் அவையில் நான் ஆற்றிய உரையில் பாதி, உடன் பணியாற்றிய நண்பரின் கையெழுத்துக் கட்டுரையிலிருந்து எடுத்தது. அவர் பெயரை நான் கூறவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருந்த அவரும் கைதட்டினார். அதுபற்றி அவர் ஒரு சொல்லும் கேட்டதில்லை. இன்று அவர் இல்லை. அக்கட்டுரையை அவர் பெயரிலேயே வெளியிட அவருடைய மகளாரின் இசைவை வேண்டியிருக்கிறேன்.

இசைவு எதற்கு என்பீர்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நூல், பாடல், ஓவியம் போன்றவற்றின் உரிமை படைத்தவர் வாழ்நாளிலும், அவர் மறைந்த ஆண்டிற்குப் பின் 60 ஆண்டுகளும் நிலைக்கும். அதுவரை முழுப் படைப்பை அச்சிடப் பெயர் சுட்டினால் மட்டும் போதாது. உரியவரின் இசைவும் வேண்டும். திறனாய்வுக்காகச் சிறு பகுதியை மேற்கோள் காட்டலாம். மகாவீரர் வரலாறு அனைவர்க்கும் பொது; அதை ஓர் ஓவியர் தீட்டிய படமோ அவருக்குரியது. உரிமையை விற்றபின்னும், தம் பெயரால் அறியப்படும் உரிமை படைத்தவருக்கே உண்டு.

காலம் கடந்தபின் சட்டம் இசைவு கேட்பதில்லை. ஆனால் விரதத்திற்குக் கால எல்லை இல்லை. ஆகவே, விழா மலருக்குப் பாடலோ படமோ அனுப்பும் பிள்ளைகள் அதன்கீழ் ஒரு வரி எழுதுக: இது யாருடையது, எங்கிருந்து பெற்றேன் என்று. அவ்வொரு வரியை எழுதாமற்போன வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அது உங்களுக்கு வேண்டாம்.