உடலறிவும் உயிர்காக்கும் தொண்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கம் முதலுதவிப் பயிற்சி வகுப்பொன்றை ஆரம்பிக்க எண்ணியிருக்கிறது. கட்டுப் போடவும் காயப்பட்டவரைத் தூக்கிச் செல்லவும் பழக்கினாற் போதாதா, எலும்பு, நரம்பு, இருதயம் என்று உடற்கூற்றுப் பாடம் எதற்கு என்று சிலர் வினவுகின்றனர். நியாயமான வினாவே. அதற்கு விடை கூறுவதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

நம்மவரிடம் இரக்கத்துக்குக் குறைவில்லை. தெருவிலே ஒருவன் விழுந்தாற் பத்துப் பேர் ஓடி வருவர். ஆனால் ஓடி வந்த கைகள் உடலின் அமைப்பை அறியாத கைகளாயின், விழுந்தவனுக்கு இரண்டாவது விபத்தும் நேர்ந்துவிடுகிறது. இரக்கத்துக்குக் கண் கொடுப்பது அறிவு. சில உதாரணங்களால் இதனை விளக்குகிறேன்.

மயங்கிக் கிடப்பவன் வாயிலே தண்ணீரோ சோடாவோ வார்ப்பது நம் ஊர்களில் வழக்கம். தொண்டையிலே உணவு செல்லும் குழாயும் மூச்சுக்குழாயும் அடுத்தடுத்து இருக்கின்றன. நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாயைச் சிறு மடலொன்று மூடிக் காக்கின்றது. உணர்விழந்தவனுக்கு அந்தக் காவல் தளர்ந்துவிடும். வார்த்த தண்ணீர் நுரையீரலுக்கு இறங்கிவிடலாம். அதுமட்டுமன்றி, அவனை மல்லாக்கக் கிடத்தினால் நாவின் அடிப்பாகம் பின்னே சரிந்து மூச்சுவழியை அடைத்துவிடும். ஆகவேதான், வேறு காயமின்றி மூச்சு ஒழுங்காய் ஓடுபவனை ஒருபுறமாகச் சரித்துப் படுக்க வைக்கிறோம். தொண்டையின் அமைப்பை ஒருமுறை விளங்கிக்கொண்டவனுக்கு இந்த விதியை நெட்டுருப் பண்ண வேண்டியதில்லை.

மோட்டார் சைக்கிளிலிருந்து எறியப்பட்டவனை நினைத்துக்கொள்ளுங்கள். தலையை ஒருவர், காலை ஒருவர் பிடித்து, உடல் வளைய முச்சக்கர வண்டிக்குள் திணித்து விடுகிறோம். கழுத்திலே 7 எலும்புகள் உள்ளன. அவற்றின் நடுவே செல்லும் முண்ணாண் சிறுவிரற் பருமனே உடையது. மூச்சை இயக்கும் பிரிமென்றகட்டுக்குச் செல்லும் நரம்புகள் அந்தக் கழுத்துப் பகுதியிலிருந்தே புறப்படுகின்றன. எலும்பு முறிந்தும் முண்ணாண் தப்பியிருக்கும் ஒருவனை, நாம் கழுத்தைத் திருப்பித் தூக்குவதனாலே ஆயுள் முழுவதும் படுக்கையிற் கிடத்திவிடலாம். தீ முதலிய உடனடி ஆபத்து இல்லையாயின், தலையையும் கழுத்தையும் அசையாது தாங்கிக்கொண்டு உதவி வரும்வரை காத்திருப்பதே பெரிய உதவி.

கிணறும் கேணியும் கடலும் நமக்கு அருகிலேயே உள்ளன. நீரில் மூழ்கியவனைத் தலைகீழாய்ப் பிடித்துச் சுழற்றியும் வயிற்றை அமுக்கியும் தண்ணீரை வெளியேற்ற முயல்வதை இன்றும் காண்கிறோம். அதனால் இரைப்பையில் உள்ளது மேலெழுந்து மூச்சுவழியை அடைக்கலாம். விலைமதியாத நேரமும் வீணாகின்றது. மூச்சும் இரத்தவோட்டமும் நின்றபின் நாலைந்து நிமிடத்தில் மூளை பழுதடையத் தொடங்குகின்றது. அவனுக்கு முதல் வேண்டியது காற்று. வாயோடு வாய் வைத்து ஊதவும், மார்பை அழுத்தவும் வேண்டும்.

மார்பை ஏன் அழுத்துகிறோம்? முன்னே மார்பெலும்பு, பின்னே முள்ளந்தண்டு. இவற்றின் இடையே இருதயம் இருக்கின்றது. மார்பெலும்பை அமுக்கும்போது இரத்தம் வெளியே தள்ளப்படுகின்றது. விடும்போது மீண்டும் நிரம்புகின்றது. மார்பைப் பிளக்காமல் இவ்வாறு செய்யலாம் என்பதை அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் நிலையத்தைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் ஆகிய மூவரும் 1960 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வளர்ந்தவர்க்கு மார்பின் நடுவே 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமலும் 6 சென்ரிமீற்றருக்கு மேற்படாமலும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். 30 அழுத்தலுக்கு இருமுறை ஊத வேண்டும். இதனைக் கேட்டறிந்தாற் போதாது. பாவையொன்றின்மேற் பலமுறை பழகியே கைவரச் செய்ய வேண்டும்.

வெட்டுக்காயத்திலே கோப்பித்தூளை அப்புவோரும், பாம்பு கடித்த காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவோரும் இன்னும் உளர். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தமே உண்டு. நாடி அறுந்தால் இரத்தம் துடித்துத் துடித்துப் பாயும். நாளம் அறுந்தால் கருஞ்சிவப்பாய் வழியும். எதுவாயினும் சுத்தமான துணியை வைத்து நேரே விடாமல் அழுத்துவதே முதற் காரியம். தூள் அழுக்கைச் சேர்க்குமேயன்றி இரத்தக்குழாயை அடைக்காது. பாம்பின் விஷம் பெரும்பாலும் நிணநீர்க்குழாய்கள் வழியாகப் பரவும். தசை அசைய அசைய அது விரைந்து ஏறும். ஆதலின் நடக்கவிடாமல், கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இறுகக் கட்டினால் இரத்தவோட்டம் தடைப்பட்டு அந்த உறுப்பே அழியலாம். கீறுவதும் உறிஞ்சுவதும் பயனற்றவை.

இளைஞர்களே, இந்தக் கல்வி நமக்கு அந்நியமானதன்று. பழைய வடமொழி வைத்திய நூலாகிய சுசுருத சங்கிதை, பிரேதத்தைப் புல்லாற் சுற்றி ஓடும் நீரில் ஏழு இரவு வைத்து, பின்பு தோல் முதலாக உள்ளுறுப்பு ஈறாக ஒவ்வொன்றையும் கண்ணாரக் காணும்படி மாணாக்கனுக்கு விதிக்கின்றது. நூலைக் கற்றாற் போதும் என்று அது சொல்லவில்லை. கண்டும் அறிய வேண்டும் என்றது.

தமிழிலே இதனைப் படிக்க இயலுமா என்று ஐயுறுவோர்க்கு யாழ்ப்பாணமே விடை. 1847 ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், சமயத்தால் நம்மின் வேறானவர். ஆயினும் தமிழைக் கற்று, மானிப்பாயிலே நம் பிள்ளைகளுக்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே போதித்தார். 1867 இல் ‘இரணவைத்தியம்’, 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. தாய்மொழியில் விளங்கிக்கொண்டது ஆபத்து வேளையிலும் மறவாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அன்று ஒரு பிறநாட்டவர் நம் மொழியில் எடுத்துக்கொண்ட பிரயாசையை, இன்று நாம் நமக்காக எடுத்துக்கொள்ளலாகாதா?

இக்கல்விக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. உங்கள் உடலே முதற் பாடநூல். மணிக்கட்டிலே பெருவிரற் பக்கத்தில் விரல் வைத்து நாடியை எண்ணுங்கள். ஓய்ந்திருக்கும் வளர்ந்தவர்க்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிக்கும். மூச்சு 12 முதல் 20 வரை. வீட்டிலே தந்தையார்க்கும் தாயார்க்கும் தம்பிக்கும் இவ்வாறு எண்ணிப் பார்த்துப் பழகுங்கள். சுகநிலை இன்னதென அறிந்தவனே பிணிநிலையைக் கண்டுபிடிப்பான்.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். முதலுதவியாளன் வைத்தியன் அல்லன். மருந்து கொடுப்பதும் முறிந்த எலும்பைப் பொருத்துவதும் அவன் வேலையன்று. எங்கே தன் அறிவு முடிகின்றது என்பதை அறிவதும் இக்கல்வியின் ஒரு கூறு. 2016 ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்து, 2018 இல் வடக்குக்கும் வந்த ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவையை 1990 என்னும் இலக்கத்தில் இலவசமாக அழைக்கலாம். ஆனால் எந்த வண்டியும் வந்து சேரச் சில நிமிடமாவது செல்லும். அந்தச் சில நிமிடமே முதலுதவியாளனுடைய காலம். மூளை பொறுத்திருப்பதும் அவ்வளவு நேரமே என்பதை மறவாதீர்கள்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். இவ்வகுப்புக்குப் பையன்களை மட்டுமன்றிப் பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். அடுப்படியில் தீச்சுடுவதும், குழந்தை தொண்டையிற் புளியங்கொட்டை சிக்குவதும் பெரும்பாலும் அவர்கள் கண்முன்னே நிகழ்கின்றன. ஆபத்து நேர்ந்த இடத்திலே, பயின்ற பிள்ளை ஒன்று “தூக்க வேண்டாம், தண்ணீர் வார்க்க வேண்டாம்” என்று சொன்னால், ‘சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்’ என்று தள்ளிவிடாதீர்கள். வயது உங்களுடையது, அந்த வேளையில் அறிவு அப்பிள்ளையுடையதாக இருக்கலாம்.

நம் சங்கத்தார் திருவிழாக்காலத்தில் தண்ணீர்ப்பந்தல் வைக்கிறார்கள். வீதியிலே ஒழுங்கு காக்கிறார்கள். வெயிலிற் காவடியெடுத்து மயங்கி விழும் அடியவரைச் சுற்றி நின்று காற்றை மறைக்காமல், நிழலிலே கிடத்தி, கால்களைச் சற்றே உயர்த்தி, மூளைக்கு இரத்தம் ஓடச் செய்யும் தொண்டரும் அந்த வீதியிலே நிற்க வேண்டும். அடுத்த திருவிழாவுக்குள் நம்மிற் பத்துப் பேராவது அவ்வாறு நிற்கத் தகுதி பெறுவோமாயின், இன்று என்னைப் பேச அழைத்த உங்கள் அன்புக்கு அதுவே கைம்மாறு. வகுப்புக்குப் பெயர் கொடுப்போர் செயலாளரிடம் இன்றே கொடுத்துச் செல்லுங்கள்.