பெல்ட் எத்தனையோ, பிள்ளைகள் அத்தனை
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



பள்ளி விடுமுறை வந்தால் மாமா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் எல்லாரும் ஒன்றுகூடுவார்கள். 2012-இல் ஜொகூரில் லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்கா திறந்ததிலிருந்து, "அங்கே போவோம்" என்று அடம்பிடிப்பதும் வழக்கமாகிவிட்டது. கூட்டிக்கொண்டு போங்கள், உறவு வளரும். ஆனால் ஒரே காரில் எல்லாரையும் திணிக்காதீர்கள். "சின்னதுதானே, மடியில உட்காரட்டும்" என்கிறோம். நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு விநாடியில் 30 மீட்டர் கடக்கிறது. அந்த வேகத்தில் மோதினால், செம்பனைக் குலை தூக்கிப் பழகிய கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது.

பூங்காவில் ராட்டினம் ஏறுமுன் உயரம் அளப்பார்கள். கம்பியை இறக்கிப் பூட்டிய பிறகே ஓடவிடுவார்கள். அங்கே பேசாமல் கட்டுப்படும் நாம், அதைவிட வேகமாக ஓடும் காரில் ஏன் அலட்சியம் காட்டுகிறோம்? பின்னிருக்கையிலும் பெல்ட் போடுவது 2009 முதல் சட்டம். சிறு பிள்ளைகளுக்குத் தனி இருக்கை 2020 முதல் சட்டம்.

பெல்ட் எத்தனையோ, பிள்ளைகள் அத்தனை என்று எண்ணி ஏற்றுங்கள். இடம் போதவில்லையா? பஸ்ஸில் போங்கள். மாணவர்களே, பெரியவர்கள் மறந்தால் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள். போன அத்தனை பேரும் சிரித்தபடி வீடு திரும்ப வேண்டும்.