இடுப்பு வலியும் வீட்டில் செய்யத்தக்க எளிய வழிகளும்



தோட்டத்து மக்களிடம் எந்த நோயைப் பற்றிப் பேசினாலும், பேச்சு கடைசியில் இடுப்பு வலியில் வந்து நின்றுவிடும். பால் மரம் வெட்டுகிறவர் ஒரு காலைப்பொழுதில் 400, 500 மரங்களைக் குனிந்தும் நிமிர்ந்தும் சுற்றி வருகிறார். செம்பனைக் குலை வெட்டுகிறவர் அண்ணாந்து நின்று நீண்ட கழியை இழுக்கிறார். உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களோ குனிந்தால் நிமிர நேரமில்லை. ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களை விட்டு ஆயர் குரோ, பத்து பெரண்டாம் தொழிற்சாலைகளுக்குப் போன நம் பிள்ளைகளையாவது இந்த வலி விட்டதா என்றால், அதுவும் இல்லை. அங்கே ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்க வேண்டும், அல்லது உட்கார வேண்டும். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 லட்சம் பேர் கீழ்முதுகு வலியோடு இருந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

வலி வந்ததும் "நரம்பு புரண்டுவிட்டது" என்பார்கள் சிலர். "வாயு இறங்கிவிட்டது" என்பார்கள் வேறு சிலர். உள்ளே நடப்பது என்ன? நமது இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இடையிடையே மெத்தை போன்ற வட்டுகள் இருக்கின்றன. இந்த அடுக்கைச் சாயாமல் இழுத்துக் கட்டியிருப்பவை தசைகளும் தசைநார்களும். அளவுக்கு மீறிய சுமை, தவறான திருப்பம், ஓய்வில்லாத ஒரே வேலை ஆகியவற்றால் இவை நொந்துபோகின்றன. உடனே தசை இறுகிக்கொள்கிறது. அந்த இறுக்கத்தைத்தான் நாம் "பிடித்துக்கொண்டது" என்கிறோம். பெரும்பாலான இடுப்பு வலி இந்த வகைதான். இது சில வாரங்களில் தானாகவே தணியும்.

அப்படியானால் தணியும்வரை படுத்துக் கிடக்கலாமா? நம் வீடுகளில் அதைத்தான் செய்யச் சொல்லுகிறார்கள். பாயை விரித்து, அசையக்கூடாது என்று கட்டளையும் போட்டுவிடுகிறார்கள். பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து, 1995இல் முடிவை வெளியிட்டார்கள். திடீர் இடுப்பு வலி கண்டவர்களில் ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுத்திருந்தார்கள். இன்னொரு பிரிவினர் முதுகுப் பயிற்சி செய்தார்கள். மூன்றாவது பிரிவினர் வலி இடங்கொடுத்த அளவுக்கு வழக்கமான வேலைகளைப் பார்த்தார்கள். விரைவில் தேறியவர்கள் இந்த மூன்றாவது பிரிவினர்தாம்! படுக்கையில் கிடக்கும் தசை நாளுக்கு நாள் வலுவிழக்கும். ஆகையால் வலி மிகக் கடுமையாக இருந்தால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் படுங்கள். அதன்பின் எழுந்து லயத்து வாசலிலிருந்து கோயில் வரை மெல்ல நடந்து வாருங்கள். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள்.

படுக்கும் முறையிலும் விஷயம் இருக்கிறது. மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே வையுங்கள். எழும்போது நேராக நிமிர்ந்து எழக்கூடாது. முதலில் ஒரு பக்கமாகப் புரண்டு, கால்களைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழ வேண்டும்.

அடுத்தது ஒத்தடம். இது நம் பாட்டிமார் கைவைத்தியம், நல்ல வைத்தியமும்கூட. கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றலாம். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து போடலாம். 15 நிமிடம் போதும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை செய்யலாம். ஆனால் கோடாலித் தைலத்தையோ வேறு எரிச்சல் தைலத்தையோ தடவிய இடத்தின்மேல் சூடு வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சூடு சரியாக உறைக்காமல் போவதுண்டு. 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டு இனங்களுள் நீரிழிவு மிகுந்தவர்கள் இந்தியர்களே என்று தெரிய வந்தது. ஆகவே அத்தகையவருக்கு ஒத்தடம் கொடுக்கும்போது, வீட்டிலுள்ள மற்றொருவர் முதலில் தம் கையில் சூடு பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடும் வலி சற்றுத் தணிந்ததும் சில பயிற்சிகள் செய்யலாம். மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை இரு கைகளாலும் மார்புப் பக்கம் மெல்ல இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடித்திருந்து விடுங்கள். பிறகு மறு கால். அடுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றியபடி, வயிற்றை உள்ளிழுத்து இடுப்பைப் பாயோடு அழுத்துங்கள். இவை ஐந்தாறு தடவை போதும். வலி காலை நோக்கி இறங்கினால் நிறுத்திவிட வேண்டும்.

இனி, சுமை தூக்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வலி வருவதும் திரும்பத் திரும்ப வருவதும் பெரும்பாலும் அங்கேதான். ஒரு வாளித் தண்ணீரை மார்போடு அணைத்துப் பிடித்துப் பாருங்கள். அதே வாளியைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். எடை ஒன்றுதான், ஆனால் இரண்டாவது முறையில் இடுப்பு தாங்கும் பாரம் பல மடங்கு. குனிந்து கைநீட்டிக் குலையைத் தூக்குகிறபோது இதுதான் நடக்கிறது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் 1991இல் திருத்தி அமைத்த கணக்குப்படி, எல்லா வசதியும் பொருந்திய நிலையிலேயே ஒருவர் தூக்கத் தகுந்தது 23 கிலோதான். முற்றிய குலை பல நேரங்களில் இதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கும். 20 லிட்டர் பால் வாளிகள் இரண்டு நிறைந்தால் காண்டா கம்பில் ஏறுவது ஏறக்குறைய 40 கிலோ! எனவே அருகில் போய், கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். தூக்கியபடியே இடுப்பைத் திருகாதீர்கள். பாதத்தை நகர்த்தித் திரும்புங்கள். பெரிய குலையா, இன்னொருவரைக் கூப்பிடுங்கள். ஆண்பிள்ளைக்கு இது வெட்கமில்லை. வீட்டிலும் துணி துவைக்கிற அம்மா, வாளியைத் தரையில் வைக்காமல் ஒரு பலகையின்மேல் வைத்துக்கொண்டால் பாதிக் குனிவு மிச்சம்.

பிள்ளையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். எலும்பு தேய்ந்த பெரியவர்களுக்கு அதனால் முறிவே ஏற்படலாம். மெல்ல எண்ணெய் தடவி நீவுவதில் தவறில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து, சந்தையில் விற்கும் பெயர் தெரியாத வலி மாத்திரைகளும் ஜாமுப் பொட்டலங்களும். "இரண்டே வேளையில் வலி பறந்துவிட்டது" என்றால் சந்தேகப்படுங்கள். பதிவு பெறாத இத்தகைய பொருள்கள் பலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாதக்கணக்கில் தின்றால் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் காட்டிக் கேட்கலாம். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் எந்த வலி மாத்திரையையும் கிளினிக்கில் கேட்காமல் விழுங்கக்கூடாது.

வேலையிடத்தில் வழுக்கி விழுந்தோ, குலை மேலே விழுந்தோ இடுப்பு அடிபட்டால், அன்றைக்கே மண்டோரிடமும் ஆபீசிலும் சொல்லி மருத்துவரிடம் போய்ப் பதிந்துவிடுங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மருத்துவர் கொடுக்கும் விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாதிருந்தால் அந்த நாள்களுக்குப் பணம் கேட்க உரிமை உண்டு. வெறும் சுளுக்கு என்று எண்ணி உருவிவிடுபவரிடம் ஒரு வாரம் போய்வந்தால், பிறகு காட்ட ஒரு சீட்டும் இருக்காது. கிடைக்கவேண்டிய கூலியும் போய்விடும்.

கடைசியாக, வீட்டு வைத்தியம் செய்யக்கூடாத வலியும் உண்டு. வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு இளைத்தல், படுத்தாலும் குறையாத இரவு வலி, உயரத்திலிருந்து விழுந்தபின் வந்த வலி ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போனாலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலும், கால் துவண்டாலும், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நரம்புக்கொத்து நசுங்குவதன் அடையாளம் அது. சில மணி நேரத் தாமதம்கூடக் காலை நிரந்தரமாக முடக்கிவிடலாம். ஜாசினிலோ அலோர் காஜாவிலோ மலாக்காவிலோ எந்த மருத்துவமனை அருகில் இருக்கிறதோ, அங்கே அவசரப் பிரிவுக்கு நள்ளிரவானாலும் கொண்டுபோய்விடுங்கள்.