முன்விளக்கின் ஒளி எங்கே விழ வேண்டும்?

மிதிவண்டியின் முன்விளக்குக்கு இரண்டு வேலைகள் உண்டு: ஒன்று, சாலையில் செல்லும் பிறருக்கு மிதிவண்டி வருவதைத் தெரிவிப்பது, மற்றொன்று, ஓட்டுபவருக்கு எதிரே உள்ள பாதையைக் காட்டுவது. அண்ணா சாலையைப் போலத் தெருவிளக்குகள் வரிசையாக எரியும் சாலையில் இரவு எட்டு மணிக்கு அலுவலகத்திலிருந்து வீடு திரும்புபவருக்கு முதல் வேலையே முக்கியம். பாதை தெரிவதற்கு வேண்டிய வெளிச்சத்தைத் தெருவே கொடுத்துவிடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலை நாலரை மணிக்கு மாமல்லபுரத்தைக் கடந்து கல்பாக்கம் பக்கமாகப் பயிற்சிக்குப் போகிறவருக்கோ, தெருவிளக்குகள் அருகிவிட்ட இடங்களில் தம் விளக்கு காட்டும் தொலைவுதான் சாலை. இவ்விரண்டில் எந்த வேலை பெரியது என்று முடிவு செய்யாமல் கடைக்குப் போகிறவர், பெட்டியின்மேல் பெரிய எண் அச்சிட்டிருக்கும் விளக்கை வாங்கிக்கொண்டு திரும்புவதே வழக்கமாக இருக்கிறது.

அந்த எண் பெரும்பாலும் லூமென் கணக்கு. விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளிப்படும் ஒளியின் மொத்த அளவையே லூமென் குறிக்கிறது. அந்த ஒளியில் எத்தனை பங்கு தார்ச்சாலையில் விழுகிறது, எத்தனை பங்கு புளியமரக் கிளையிலும் எதிரே வருபவரின் கண்ணிலும் வீணாகிறது என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்லும் அளவு லக்ஸ்: ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் ஒளி சீராக விழுமானால் அங்கே 1 லக்ஸ் வெளிச்சம் இருக்கிறது என்பது கணக்கு. தோட்டத்துக் குழாயில் வரும் தண்ணீர் அதே அளவாக இருந்தாலும், வாயை விரலால் அழுத்திப் பிடிப்பதைப் பொறுத்து அது அருகிலேயே சிதறவும் தொலைவில் போய் விழவும் செய்வதுபோல, 300 லூமென் ஒளியைச் சாலையை நோக்கி ஒழுங்காகத் திருப்பிவிடும் விளக்கு, 800 லூமெனை நாற்புறமும் இறைக்கும் விளக்கைவிடப் பாதையைத் தெளிவாகக் காட்டக்கூடும்.

லக்ஸ் அளவைச் சொல்லும்போது எந்தத் தொலைவில் அளந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் தொலைவு இரு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பத்து மீட்டரில் 40 லக்ஸ் தரும் விளக்கு இருபது மீட்டரில் 10 லக்ஸும், நாற்பது மீட்டரில் இரண்டரை லக்ஸும் மட்டுமே தரும். சில பெட்டிகளில் ஒளி எட்டும் தொலைவு 120 மீட்டர், 200 மீட்டர் என்றெல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். கைவிளக்குகளுக்கென வகுக்கப்பட்ட அமெரிக்கத் தர அளவையின்படி, அது வெளிச்சம் கால் லக்ஸாகக் குறையும் தொலைவு, அதாவது ஏறத்தாழ முழுநிலவின் வெளிச்சம் மிஞ்சும் தொலைவு. நிலா வெளிச்சத்தில் மாடு படுத்திருப்பது தெரியலாம். மணல் பரவிக் கிடப்பது தெரியாது.

ஒளியின் வடிவத்தைச் சட்டமாகவே எழுதி வைத்த நாடு ஜெர்மனி. அந்நாட்டின் வாகன அனுமதி விதிகளின்படி மிதிவண்டி முன்விளக்கு பத்து மீட்டர் தொலைவில் குறைந்தது 10 லக்ஸ் தர வேண்டும். அதே வேளையில், குறிப்பிட்ட மட்டத்துக்கு மேலே செல்லும் ஒளி மிகக் குறைவாகவே இருக்க வேண்டும். இதனால் அங்கே விற்கப்படும் விளக்குகளின் கண்ணாடியும் பிரதிபலிப்பானும், கார் விளக்கை டிம் செய்யும்போது கிடைப்பதைப் போல, மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதாகத் தெரியும் அகலமான ஒளியைத் தருமாறு வடிவமைக்கப்படுகின்றன. அனுமதி பெற்ற விளக்கில் அலைபோன்ற ஒரு கோடும் ‘கே’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். காரின் டிம் ஒளி ஒருபுறம் தாழ்ந்தும் மறுபுறம் சற்று ஏறியும் இருப்பதால் இடப்புறம் ஓட்டும் நாட்டுக்கும் வலப்புறம் ஓட்டும் நாட்டுக்கும் அது வேறுபட வேண்டும். மிதிவண்டி விளக்கின் ஒளி இருபுறமும் ஒத்திருப்பதால் ஜெர்மன் விளக்கை இந்தியச் சாலையிலும் தயக்கமின்றிப் பொருத்தலாம். இதற்கு மாறாக, டார்ச் லைட்டைப் போல வட்டமாக ஒளிவிடும் விளக்குகள்தாம் சந்தையில் மிகுதி. மரங்களுக்கிடையே மண்பாதையில் ஓட்டுபவருக்கு, தலைக்கு நேரே வரும் கிளையைக் காட்டுவதால் அவை பயன்படும். இருவழிச் சாலையில் எதிரே வரும் மொபெட்காரருக்கு அவை தொல்லை. பேருந்தின் ஹை பீம் கண்ணைக் கூசவைக்கிறது என்று குறைப்படும் மிதிவண்டிக்காரர், தம் விளக்கும் அதையே செய்வதை அறிவதில்லை. அவர் ஒருநாளும் அதன் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

எவ்வளவு தொலைவு தெரிந்தால் போதும் என்பதை வேகமே முடிவு செய்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மிதிவண்டி நொடிக்கு ஏறத்தாழ ஏழு மீட்டர் கடக்கிறது. பள்ளத்தைக் கண்டு உணர்ந்து கை பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை நொடி பிடித்தால் அதற்குள் பத்து மீட்டர் போய்விடும், அதன்பின் நிற்பதற்கு இன்னும் ஏழு மீட்டராவது வேண்டும். வேகம் 35 கிலோமீட்டராக உயர்ந்தால் இந்த 17 மீட்டர் ஏறத்தாழ 28 மீட்டராகிவிடுகிறது; அந்த 28 மீட்டரில் முன்போன்றே வெளிச்சம் இருக்க வேண்டுமானால் விளக்கின் செறிவு இரண்டரை மடங்குக்கும் மேல் கூடியாக வேண்டும். அலுவலகத்துக்கு நிதானமாக மிதிப்பவருக்குப் போதுமான விளக்கு, ரோடு பைக்கில் குனிந்து விரைபவருக்குப் போதாமல் போவது இதனால்தான்.

பள்ளத்தைக் காட்டுவதில் வெளிச்சத்தின் அளவுக்கு இணையான பங்கு நிழலுக்கும் உண்டு. ஹேண்டில்பாரிலோ அதற்குக் கீழே ஃபோர்க்கின் தலைப்பிலோ பொருத்திய விளக்கு தாழ்ந்த கோணத்தில் ஒளி வீசுவதால், வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடைக்குப் பின்னால் கருநிழல் நீள்கிறது, ஒட்டுப்போட்ட தாரின் விளிம்பு தனித்துத் தெரிகிறது. ஹெல்மெட்டில் மாட்டிய விளக்கோ பார்க்கும் கண்ணுக்கு அருகிலிருந்தே ஒளி வீசுவதால் அந்த நிழல்கள் கண்ணுக்கு மறைந்து, மேடும் பள்ளமும் ஒரே தளமாகத் தோன்றிவிடும். மழை பெய்த சாலையின் இயல்பு வேறு: ஈரத் தார் கண்ணாடியைப் போல நடந்துகொண்டு ஒளியை முன்னோக்கியே அனுப்பிவிடுவதால் ஓட்டுபவரின் கண்ணுக்குத் திரும்பி வரும் பங்கு மிகக் குறைவு, நேற்று நன்றாக எரிந்த விளக்கு இன்று மங்கிவிட்டதோ என்ற ஐயம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எழுவதற்கு மின்கலத்தைக் குறைசொல்ல வேண்டியதில்லை.

இனி மின்கலம். இன்றைய விளக்குகள் பலவற்றில் இருப்பது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளை வடிவ லித்தியம் அயன் மின்கலம். அப்படி நல்ல மின்கலம் ஒன்று ஏறத்தாழ பத்து, பதினொரு வாட்–மணி ஆற்றலைச் சேர்த்து வைக்கும், அதாவது பத்து வாட் செலவழித்தால் ஒரு மணி நேரம் தாங்கும். எல்.இ.டி. விளக்கு, இழப்புகளெல்லாம் போக, ஒரு வாட்டுக்கு நூறு லூமென் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 1000 லூமெனுக்கு ஒரு மணி நேரமும் 300 லூமெனுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலும் கிடைக்கும் என்பது மனக்கணக்கிலேயே வந்துவிடுகிறது. ஒற்றை மின்கலத்தோடு 1000 லூமென், ஐந்து மணி நேரம் என்று ஒரு பெட்டி சொல்லுமானால், இடையில் எங்கோ அந்த ஆயிரம் நூறாகிவிட்டது என்றே கொள்ள வேண்டும். மேலே சொன்ன கைவிளக்குத் தர அளவையும் தொடக்க ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரையான நேரத்தை எரியும் நேரமாக எண்ண இடம் தருகிறது. ஆகவே வாங்குபவர் கேட்க வேண்டியது, தமக்கு வேண்டிய வெளிச்சத்தில், மங்காமல், எத்தனை மணி நேரம் எரியும் என்பதைத்தான். அன்றாடப் பயணத்துக்கு அரைமணி நேரம் ஓட்டுபவர் செல்போன் சார்ஜரிலேயே ஏற்றிக்கொள்ளும் விளக்கைக் கவலையின்றி வாங்கலாம். இரவு முழுவதும் ஓட்டுபவர் மின்கலத்தைக் கழற்றி மாற்ற முடிகிறதா, பவர் பேங்கோடு இணைத்தபடியே எரிகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

சூடு இன்னொரு செய்தி. எல்.இ.டி. சூடேறினால் ஒளி குறையும். அதனால் பெரிய விளக்குகளின் அலுமினிய உடலில் காற்றுபட வரிவரியான பள்ளங்கள் அமைக்கப்படுகின்றன. சிக்னலில் காத்து நிற்கும்போது காற்றோட்டம் இல்லாததால் பல விளக்குகள் தாமாகவே மங்கிக்கொள்ளும், அது பழுதன்று. நீர்க்காப்பைக் குறிக்கும் ஐ.பி. எண்ணில் இறுதி இலக்கம் 4 என்றால் எப்பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் மூழ்கியும் தாங்கும். சார்ஜ் ஏற்றும் துளையின் ரப்பர் மூடி இறுக மூடாவிட்டால் இந்த எண்களுக்குப் பொருளில்லை.

விளக்கில்லாமல் வந்த சைக்கிளை நிறுத்திக் காவலர் டயரின் காற்றைப் பிடுங்கிவிட்ட காலம் தமிழ்நாட்டில் உண்டு. அக்காலத்து விளக்கு, டயரின் பக்கவாட்டில் உரசிச் சுழலும் டைனமோவில் எரிந்தது. மிதிப்பது கனக்கும், மழையில் வழுக்கும், வண்டி நின்றால் விளக்கும் அணையும் என்ற மூன்று குறைகளால் அது மறைந்தது. முன்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே காந்தமும் கம்பிச்சுருளும் அடங்கிய இன்றைய டைனமோவில் உரசலும் வழுக்கலும் இல்லை. 6 வோல்ட், 3 வாட் என்ற அதன் அளவு சிறிதாகத் தோன்றினாலும் எல்.இ.டி.க்கு அது தாராளம், வண்டி நின்ற பின்னும் சில நிமிடங்கள் எரிவதற்கு விளக்கினுள் மின்தேக்கி வைத்திருக்கிறார்கள். நெடுந்தொலைவைக் குறித்த நேரத்துக்குள் கடக்கும் ‘பிரவே’ ஓட்டங்களில், 400 கிலோமீட்டருக்கு 27 மணி நேரம் என்ற கெடுவுக்குள் ஓர் இரவையாவது சாலையில் கழிக்க வேண்டியிருப்பதால், பலர் இதை நாடுகிறார்கள். ஆனால் சக்கரத்தையே புதிதாகக் கோக்க வேண்டியிருப்பதால் விலை கூடும்; அன்றாடம் ஐந்தாறு கிலோமீட்டர் போகிறவருக்கு அந்தச் செலவு தேவையற்றது.

மினுக்கும் விளக்கைப் பற்றி நாடுகள் ஒத்த கருத்தில் இல்லை. பிரிட்டனில் 2005 முதல் நிமிடத்துக்கு 60 முதல் 240 முறை மினுக்கும் விளக்குக்கு அனுமதி உண்டு. ஜெர்மனியில் முன்விளக்கு மினுக்கக் கூடாது. பகலில் மினுக்குவது கவனத்தை ஈர்க்கும் என்பதில் ஐயமில்லை. இருளில் அதே மினுக்கல், வருவது எவ்வளவு தொலைவில், எவ்வளவு வேகத்தில் என்று பிறர் மதிப்பிடுவதைக் கடினமாக்குகிறது, ஓட்டுபவருக்கும் பாதை விட்டுவிட்டே தெரிகிறது. பகலிலும் விளக்கு எரிவதால் பயன் உண்டா என்ற கேள்விக்கு டென்மார்க்கின் ஓடென்செ நகரில் ஒரு சோதனை விடை தந்தது: ஏறத்தாழ 3,800 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் மிதிவண்டிகளில் சக்கரம் சுழலும்போதெல்லாம் காந்தத் தூண்டலால் எரியும் விளக்குகளைப் பொருத்தி ஓராண்டு கவனித்ததில், அவர்களுக்கு நேர்ந்த காயமுறும் விபத்துகள் மற்றப் பிரிவினரைவிட 19 விழுக்காடு குறைந்திருந்தன. பெரிய ஒளி ஏதும் அங்கே தேவைப்படவில்லை.

வாங்கிய விளக்கைப் பொருத்துவதில்தான் பலர் அதன் பாதிப் பயனை இழக்கிறார்கள். முன்கூடை உள்ள வண்டியில் ஹேண்டில்பாரில் மாட்டினால் கூடையே ஒளியை மறைக்கும்; அங்கே கூடையின் முன்பக்கத்திலோ ஃபோர்க்கிலோ தகடு வைத்துப் பொருத்துவதே வழி, அதற்கான கிளாம்ப் சைக்கிள் கடைகளில் கிடைக்கும். ரப்பர் பட்டையால் கட்டும் விளக்கு பள்ளத்தில் குலுங்கியதும் மேலோ கீழோ சாய்ந்துவிடும் என்பதால் திருகாணி வைத்த பிடியே நல்லது. கோணத்தைச் சரிசெய்ய எளிய முறை ஒன்று ஜெர்மனியின் பழைய விதியில் இருந்தது: சமதளத்தில் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினால், சுவரில் விழும் ஒளியின் நடுப்பகுதி விளக்கின் உயரத்தில் பாதியில் இருக்க வேண்டும், விளக்கு 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் ஒளியின் நடு 45 சென்டிமீட்டரில் விழ வேண்டும், அப்போது அது பத்து மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். மேல்விளிம்பு வெட்டப்பட்ட புதுவகை விளக்குகளுக்கு அந்த விளிம்பு சுவரில் விளக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும். ஒளி இன்னும் தொலைவுக்குப் போகும், எதிரே வருபவரின் கண்ணுக்கும் ஏறாது. பின் கேரியரில் சுமை ஏறினால் பின்சக்கரம் சற்று அமுங்கி விளக்கு மேல்நோக்கும். ஆகவே பயணத்துக்கான பைகளை எல்லாம் கட்டி, ஒருவர் மேலேறி உட்கார்ந்திருக்கும்போதே இந்தச் சோதனையைச் செய்து திருகாணியை இறுக்க வேண்டும்.