மென்பொருள் நிறுவனப் பணியும் நம் இளைஞர்களும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்வியரங்கில் ஆற்றிய உரை)

ஒருநாள் கூலியையும் விட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! நம் அன்பிற்குரிய இளைஞர்களே!

மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிவது எத்தகையது என்பதைப் பற்றிப் பேச வேண்டுமெனச் சங்கச் செயலாளர் பணித்தபோது நாம் சற்றே தயங்கினோம். நாம் வரலாறு பயின்று பி.ஏ. பட்டமும், பின்னர் பி.எட். பட்டமும் பெற்றவரேயன்றிக் கணிப்பொறி கற்றவரல்லோம். ஆயினும் ஒரு நிகழ்ச்சி நம்மைப் பேசத் தூண்டியது.

சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவி ஒருத்தியின் தந்தையார் பள்ளிக்கு வந்தார். பனியன் கம்பெனியில் அயர்னிங் மேசையில் நின்று இருபதாண்டுகள் உழைத்தவர். "ஏனுங்க சார், என்ற புள்ள கம்ப்யூட்டர்தான் படிக்கோணும்னு சொல்லுதுங்க. அந்தக் கம்பெனியில போயி என்ன வேலைங்க செய்யும்? நம்மளை அங்க மனுசனா மதிப்பாங்களா?" என்று வினவினார். முதல் வினாவிற்கு நம்மிடம் அரைகுறை விடையே இருந்தது. இரண்டாம் வினாவிற்கு விடையே இல்லை. ஆதலின், பொங்கல் விடுமுறையில், நம் பள்ளியில் படித்து இன்று கோவையிலும் சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் நிறுவனங்களில் பணியாற்றும் நால்வரைச் சங்கப் படிப்பகத்திற்கு அழைத்து, ஒரு பகல் முழுதும் கேட்டறிந்தோம். அவர்கள் கூறியவற்றையும் நாம் படித்தறிந்தவற்றையும் உங்கள் முன் வைக்கின்றோம்.

மென்பொருள் என்பது யாது? கணிப்பொறி இன்னின்னவாறு செயல்பட வேண்டும் என்று முறைப்பட எழுதப்படும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள். வங்கிக்குச் செல்லாமல் கைப்பேசி வழியே பணம் அனுப்புகிறோமே, அதன் பின்னே யாரோ எழுதிய கட்டளைகள் இயங்குகின்றன. அவற்றைப் பிறர்க்காக எழுதிக் கொடுப்பதே இந்நிறுவனங்கள் பலவற்றின் தொழில்.

பனியன் தொழிலை அறிந்த நமக்கு இது விளங்காத பொருளன்று. வெளிநாட்டுப் 'பையர்' தமக்கு எத்தகைய சட்டை வேண்டுமென்று கூறுகின்றார். 'சாம்பிள்' தைத்துக் காட்டுகின்றோம். அவர் ஒப்பிய பின்னர்க் கட்டிங், ஓவர்லாக், செக்கிங், பேக்கிங் என்று வேலை பகுத்துக் கொடுக்கப்படுகின்றது. குறித்த நாளில் சரக்கு கப்பலேற வேண்டும். மென்பொருள் நிறுவனத்திலும் இதே ஒழுங்குதான். வாடிக்கையாளரின் தேவையை ஒருவர் கேட்டு எழுதுகின்றார். ஒருவர் வரைவு அமைக்கின்றார். சிலர் கட்டளைகளை எழுதுகின்றனர். வேறு சிலர் பிழை தேடிச் சோதிக்கின்றனர். குறித்த நாளில் ஒப்படைக்க வேண்டும். தையலில் நூல் விட்டிருப்பதைச் 'செக்கிங்' செய்யும் நம் சகோதரியின் கூரிய கண் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது அங்குச் சோதிப்பவரின் கண். ஆதலின், இது வானுலகத்து வித்தையன்று. கைப்பழக்கத்தாலும் கருத்தூன்றலாலும் கைவரும் ஒரு தொழிலே என்பதை நம் பெற்றோர் முதலில் உணர வேண்டும்.

இத்தொழில் நம் நாட்டிற்குப் புதியதுமன்று. டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் 1968-இலேயே பம்பாயில் தொடங்கப்பட்டது. சென்னைத் தரமணியில் டைடல் பூங்கா 2000-இலும், நம் கோவையில் அத்தகைய பூங்கா 2010-இலும் திறக்கப்பட்டன. தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறைச் சிற்றூரில் 2011 முதல் ஜோஹோ நிறுவனம் மென்பொருள் ஆக்கி வருகின்றது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களையே தேர்ந்து, கட்டணமின்றி உதவித்தொகையும் அளித்துப் பயிற்றும் பள்ளியொன்றையும் அந்நிறுவனம் நடத்துகின்றது. அவிநாசியிலிருந்து பேருந்தில் சென்று திரும்பும் தொலைவிலேயே கோவையின் நிறுவனங்கள் இருக்கின்றன.

இனி, அங்கு நாள் எவ்வாறு கழிகின்றது? காலையில் குழுவினர் அனைவரும் கூடி, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப் போகின்றோம், எங்கே தடைப்பட்டிருக்கின்றோம் என்று ஒவ்வொருவராகக் கூற வேண்டும். பின்னர் அவரவர் வேலை. ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துக் குறை கூறிய பின்னரே அது ஏற்கப்படும். வெயிலில்லை, பஞ்சுத்தூசியில்லை, சாயக்கழிவின் நாற்றமில்லை. ஆனால் கண்ணும் கழுத்தும் முதுகும் நோகும். அவிநாசியில் மாலை மணி ஏழரை ஆகும்போது நியூயார்க் நகரில் கோடைக்காலத்தில் காலை மணி பத்து. ஆதலின் அமெரிக்க வாடிக்கையாளரோடு பேச இரவு நெடுநேரம் விழித்திருக்க நேரும். கைவேலை இல்லாத காலத்தில் 'பெஞ்ச்' என்று கூறிக் காத்திருக்க வைப்பர்; அது நீண்டால் வேலைக்கே ஆபத்து. 2025-இல் டாட்டா கன்சல்டன்சி நிறுவனமே சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. கட்டளைகளை எழுதும் இயந்திர அறிவும் வந்துவிட்டது. அரசுப் பணிபோல் ஓய்வுநாள் வரை உறுதியான பணி இதுவன்று. ஒருமுறை கற்றுவிட்டால் போதும் என்பாருக்கு அங்கு இடமில்லை.

இனி அத்தந்தையாரின் இரண்டாம் வினாவிற்கு வருவோம். அங்கே நம்மை மனிதராக மதிப்பார்களா?

அரசுக் கல்லூரிக்கும் அரசுப் பணிக்கும் தமிழ்நாட்டில் நமக்கு 18 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதனுள் 2009 முதல் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடும் உண்டு. அரசுப் பள்ளியில் பயின்றோர்க்குப் பொறியியற் கல்வியில் 2021 முதல் 7.5 விழுக்காடு இடங்கள் கிடைக்கின்றன. ஆனால் தனியார் மென்பொருள் நிறுவனத்தின் வாயிலில் இவற்றில் ஒன்றும் செல்லாது. 'தகுதி ஒன்றே போதும், சாதி பார்ப்பதில்லை' என்று அங்குக் கூறுவர். பேராசிரியர்கள் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் இதனைச் சோதித்து 2007-இல் வெளியிட்டனர். ஒரே தகுதியுடைய விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினர். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட, தலித் பெயருக்கு அவ்வாய்ப்பு சுமார் மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது!

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னே சாதிப்பட்டம் சூடும் வழக்கம் பெரிதும் ஒழிந்துவிட்டது. ஆதலின் விண்ணப்பத்தாளில் நம்மை அடையாளம் காண்பது எளிதன்று. ஆனால் உணவு மேசையில் கேள்வி பிறக்கின்றது. "சொந்த ஊர் எது? ஊருக்குள் எந்தப் பக்கம்? குலதெய்வம் எது?" நம் மாணவர் நால்வருள் மூவர் இக்கேள்விகளைச் சந்தித்திருக்கின்றனர். ஒருவர் விடை கூறிய மறுநாள் முதல் உணவு மேசையில் அவருக்கு எதிரிலிருந்த இருக்கை காலியாயிற்று. ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை, முறையிடுவதற்கும் ஒன்றுமில்லை.

1917-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய அண்ணல் அம்பேத்கர் பரோடா சமஸ்தானப் பணியில் சேர்ந்தபோது, அலுவலகச் சிப்பந்திகள் கோப்புகளைக் கையில் தராது மேசைமீது எறிந்தனர். தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்தும் தடியேந்திய கூட்டத்தால் வெளியேற்றப்பட்டார். இன்று கோப்பை எறிவாரில்லை. ஆனால் கடல் கடந்தும் சாதி செல்கின்றது. 2020-இல் அமெரிக்கக் கலிபோர்னியா மாநில அரசுத் துறை, தலித் பொறியாளர் ஒருவர் சாதியால் ஒதுக்கப்பட்டார் என்று சிஸ்கோ நிறுவனத்தின்மீதும் இரு மேலாளர்மீதும் வழக்குத் தொடுத்தது. மேலாளர்மீதான வழக்கு 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. எனினும் அவ்வாண்டிலேயே சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டமியற்றியது. நம் நாட்டில் பணியிடப் பாலியல் தொல்லையை விசாரிக்க 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகக் குழு அமைய வேண்டும். சாதித் தொல்லையை விசாரிக்கவும் அத்தகைய குழு வேண்டுமென்று நாம் குரலெழுப்ப வேண்டும்.

இளைஞர்களே! இதுகாறும் கூறியது பிறர் குறை. இனி நம் குறையையும் கூறியாக வேண்டும்.

நால்வருள் ஒருவர் கோவையில் பணியாற்றும் பெண். பணியில் சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு பிழை அவருக்குப் பிடிபடவில்லை. மூன்று நாள் உணவும் உறக்கமும் இன்றித் தாமே போராடினார். காலைக் கூட்டத்தில் மூன்று நாளும் "தடையொன்றுமில்லை" என்றே கூறினார். நான்காம் நாள் மூத்த பொறியாளர் ஒருவர் பத்து நிமிடத்தில் அதனைத் தீர்த்துவிட்டு, "முதல் நாளே ஏனம்மா கேட்கவில்லை?" என்றார். அறிவின்மைக்காக அன்று, கேளாமைக்காகவே அவர் பெயருக்கு நேரே குறை எழுதப்பட்டது.

"ஏன் கேட்கவில்லை?" என்று நாமும் வினவினோம். "மற்றவர்கள் கேட்டால் அது ஓர் ஆளுக்குத் தெரியாத விஷயம், ஐயா. நான் கேட்டால் நம்மவர்களுக்கே தெரியாது என்று ஆகிவிடுமோ என்று பயந்தேன். அதுவுமன்றி, நம் பள்ளியில் கேள்வி கேட்டுப் பழகவில்லையே" என்றார்.

அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது. அவர் நம் வகுப்பில் அமர்ந்திருந்த பெண். வாய் திறவாமல் கைகட்டி அமர்ந்திருந்ததற்காக நாமே அவரை 'நல்ல பிள்ளை' என்று பலமுறை பாராட்டியிருக்கின்றோம். கைகட்டி வாய்பொத்தி நிற்கும்படி நம் பாட்டன்மாரைத் தோட்டங்களில் நிறுத்தினார்களே, அதே நிலையை ஒழுக்கம் என்ற பெயரால் நாம் வகுப்பறையில் கற்பித்திருக்கின்றோம். முப்பதாண்டு ஆசிரியப் பணியில் இதனை உணராதிருந்தமைக்கு இம்மேடையில் வருந்துகின்றோம். கேள்வி கேட்பதே தொழிலின் முதற்கருவியாக இருக்கும் இடத்திற்கு, அக்கருவியைப் பறித்துக்கொண்டு நம் பிள்ளைகளை அனுப்பியிருக்கின்றோம்.

ஆதலின் சங்கத்திற்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இவை. மாலை வகுப்புகளில் நாள்தோறும் அரைமணி நேரம் மாணவர் மட்டுமே வினவ வேண்டும். ஆசிரியர் விடை கூற வேண்டும். தவறான கேள்விக்கு நகைப்பு கூடாது. கணக்கையும் ஆங்கிலத்தையும் எட்டாம் வகுப்பிலேயே பலப்படுத்த வேண்டும். ஆங்கிலம் அறிவன்று, கருவியே; ஆயினும் அக்கருவியின்றி அவ்வாயில் திறவாது. வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் மாதத்தில் ஒரு ஞாயிறு படிப்பகத்திற்கு வந்து இளையோர்க்குத் தொழில் கற்பிக்க வேண்டும். வேலை உறுதி என்று கூறிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சிக் கூடங்களை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் பயிற்சிகளை முதலில் பயன்படுத்துங்கள். பெண்ணை அனுப்பும் பெற்றோர், இரவுப் பணிக்கு வாகன வசதி உண்டா, உள்ளகக் குழு உண்டா என்று தயங்காது கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அந்தக் கோவைப் பெண் இன்று தம் குழுவில் புதிதாய்ச் சேர்வோர்க்கு வழிகாட்டுகின்றார். "தெரியவில்லையென்றால் ஒரு மணி நேரத்திற்குள் என்னிடம் கேட்டுவிட வேண்டும்" என்பதே அவர் இடும் முதற்கட்டளை என்று கூறி நகைத்தார். அயர்னிங் மேசைத் தந்தையாரின் மகளும் இவ்வாண்டு கணிப்பொறிப் பொறியியலில் சேர்ந்திருக்கின்றாள்.

அத்தந்தையார் இம்மன்றத்தில் அமர்ந்திருக்கின்றார். அவருக்கு நாம் கூறும் விடை இதுவே. ஐயா, அங்கே எல்லோரும் மதிப்பார்கள் என்று நாம் உறுதி கூற இயலாது. ஆனால் உங்கள் மகள் தலைநிமிர்ந்து கேள்வி கேட்கும் பெண்ணாக அங்கே செல்வாள் என்பதற்கு இச்சங்கமும் நம் பள்ளியும் பொறுப்பேற்க முடியும். அப்பொறுப்பை இந்த வெள்ளி விழா நாளில் நாம் ஏற்போம்.